கூரை ஒட்டும் நாள்

அத்தியாயம் 9

போன வாரம் சின்னவளை அறை வாசலிலேயே நிற்கவைத்துவிட்டு நாம் கிளம்பிவிட்டோம். பாவம், கையில் சாவியோடு ஒரு வாரமாக நிற்கிறாள். முதலில் அவளை உள்ளே விடுவோம்.

அம்மா காலை நடைக்குப் போயிருக்கிறாள். பூங்காவை ஒரு சுற்றுச் சுற்றி, எதிர்வீட்டு நாயை நலம் விசாரித்துவிட்டுத்தான் திரும்புவாள். அதற்குள் சின்னவள் தன் திருட்டு வேலையை முடித்தாக வேண்டும்.

திருட்டு என்றதும் பயந்துவிட வேண்டாம். அம்மா நேற்றுச் செய்த தப்பை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சரியை வைத்துவிட்டு வருவது. அவ்வளவுதான்.

இந்தக் கதைக்கு இன்றுதான் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சின்னவள் ஒரு பெயர்ப்பலகைக் கடையில் வேலை பார்க்கிறாள். எழுத்து வெட்டித் தரும் லேசர் மெஷின் அவள் பொறுப்பு. முதலாளியின் வேலை முடிந்ததும் அதே மெஷினில் மெல்லிய பிளைவுட்டை வைத்து, தானே கம்ப்யூட்டரில் வரைந்த ரயில் பெட்டியின் பாகங்களை வெட்டிக்கொண்டு வருவாள். பக்கம், தரை, தடுப்பு, உட்காரும் சீட்டு எல்லாம் ஒரே பலகையில், விளிம்பு கருகி, சின்னச் சின்னப் பிடிகளில் ஒட்டிக்கொண்டிருக்கும். அம்மா அவற்றை விரலால் தட்டி எடுத்து, கருகலைத் தேய்த்து, பசை வைத்து, முன்கை நீளத்துக்கு ஒரு பெட்டியாக எழுப்பிவிடுவாள்.

அம்மா காலமெல்லாம் தையல்காரியாக இருந்தவள். முதன்முதலில் அந்தப் பலகையைப் பார்த்தபோது, "வெட்டி வச்ச துணி மாதிரி இருக்கே, கொண்டா தைக்கிறேன்" என்று உட்கார்ந்தவள்தான். தையல் மெஷினின் தலையைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, அந்த மேஜையையே பட்டறையாக்கிக்கொண்டாள். கீழே மிதி மட்டும் இன்னும் இருக்கிறது. பெட்டி ஒட்டும்போது அவள் கால் தானாக அதை மிதித்துக்கொண்டிருக்கும். பொம்மை ரயில் பைத்தியங்கள் நடுவில் அவளுக்குப் 'பெட்டிக்காரம்மா' என்றே பெயர்.

அந்தப் பெட்டிக்காரம்மாவுக்குத்தான் கொஞ்ச நாளாக மறதி வந்திருக்கிறது.

பல் டாக்டர் ஒருவர் மூன்று பெட்டி கேட்டிருந்தார். அவருடைய காத்திருக்கும் அறையில் சுவரோரமாக மேலே ஒரு தண்டவாளம் ஓடப்போகிறதாம். குழந்தைகள் அண்ணாந்து வாயைப் பிளந்து பார்க்கும், பாதி வேலை முடிந்துவிடும் என்பது அவர் கணக்கு.

முதல் பெட்டியிலேயே அம்மா கோட்டை விட்டாள். ரயில் பெட்டிக்கு ஒரு பக்கம் நடைபாதை, மறுபக்கம் அறைகள். இரண்டு பக்கத்துக்கும் ஜன்னல் வேறு வேறு. அம்மா இரண்டு பக்கமும் நடைபாதைப் பக்கத்தையே ஒட்டிவிட்டாள். சட்டைக்கு இரண்டு முதுகு வைத்துத் தைத்த கதை. சின்னவள் "முதலாளி பாக்கணும்னு கேக்கறார்" என்று பொய் சொல்லிப் பெட்டியைக் கடைக்கு எடுத்துப்போனாள். ஒட்டிய கூரையைப் பிளேடால் கீறிப் பிய்க்கும்போது நகம் கிழிந்தது, கூரையும் உடைந்தது. புதுப் பக்கம், புதுக் கூரை வெட்டி ஒட்டி, மறுநாள் ஒன்றும் தெரியாதவள் போல் கொண்டுவந்து வைத்தாள்.

இரண்டாவது பெட்டியில் ஜன்னல் கண்ணாடித் தாளை வைக்காமலே அம்மா கூரையை மூடிவிட்டாள். நல்லவேளை, அந்தக் கூரை சிரமமில்லாமல் திறந்துகொண்டது. மழைக் காற்றில் பசை சரியாகக் காயவில்லை என்று சின்னவள் மழைக்கு நன்றி சொன்னாள்.

இன்று மூன்றாவது பெட்டிக்குக் கூரை ஒட்டும் நாள். சாயங்காலம் பல் டாக்டர் வருகிறார். மத்தியானம் பெரியவன் வருகிறான்.

பெரியவன் வெளியூரில் கணக்கு வாத்தியார். அவன் போனில் போட்ட நிபந்தனை ஞாபகம் இருக்குமே? "அம்மா அந்த மேஜையில உக்காந்து ஒரு பெட்டியை ஒழுங்கா முடிக்கறதை நான் கண்ணால பாக்கணும். முடிச்சிட்டாங்கன்னா இங்கேயே இருக்கட்டும், நான் வாயைத் திறக்கலை. இல்லைன்னா மறுநாளே என்கூட கூட்டிட்டுப் போயிடறேன். பகல் பூரா தனியா, அடுப்பும் கேஸுமா... எனக்குத் தூக்கம் வரலை."

அவன் சொன்னதில் தப்பில்லை. அதுதான் சின்னவளுக்குப் பெரிய கஷ்டம். அண்ணன் கெட்டவனாக இருந்திருந்தால் சண்டை போட்டு ஜெயித்திருப்பாள்.

அங்கே போனால் அம்மாவுக்கு நல்ல அறை உண்டு, கட்டில் உண்டு, அன்பான மருமகள் உண்டு. இந்த மேஜை கிடையாது. மேஜை இல்லாத அம்மாவைச் சின்னவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அறைக்குள் போனவள் ஜன்னல் திரையை விலக்கினாள். மூன்றாவது பெட்டி கூரையில்லாமல் மேஜை நடுவில் இருந்தது. ஈரத்துணி சுற்றிப் பாட்டிலோடு கட்டி வைத்திருந்த கூரைப் பலகை, வளைவு பழகிக் காய்ந்திருந்தது. ஒரு தட்டில் சீட்டுகள். அவற்றின் மேல் அம்மா தீக்குச்சியிலும் நூலிலும் செய்த பயணிகள். ஜன்னலோரம் தலை சாய்த்துத் தூங்குகிற ஒருவர், மடியில் பையை இறுக்கிப் பிடித்த ஒருத்தி, சண்டை போட்ட மாதிரி ஆளுக்கொரு பக்கம் பார்க்கிற புருஷன் பெண்டாட்டி.

சின்னவள் பெட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். நடைபாதைப் பக்கம் சரி. அறைப் பக்கம் சரி. தடுப்புகள் நேராக நிற்கின்றன. கண்ணாடித் தாள் ஒன்றுவிடாமல் இருக்கிறது. மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். ஒரு தப்பும் இல்லை.

திருட வந்தவளுக்கு எடுத்துப்போக ஒன்றுமில்லை. அம்மாவின் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

"என்னடி, என் இடத்தைப் பிடிச்சிட்டே?"

அம்மா வாசலில் நின்றாள், கால் செருப்பைக் கழற்றிக்கொண்டே.

"தூசி தட்டலாம்னு வந்தேம்மா."

"தூசி தட்டறவ எதுக்கு மூக்கை உறிஞ்சறே?"

"தூசிம்மா."

"சரி சரி, எழுந்திரு. உன் அண்ணன் வர்றதுக்குள்ள குளிக்கணும். வாத்தியார் வர்ற நேரத்துல அழுக்கா உக்காந்திருந்தா மார்க்கைக் குறைச்சிடுவான்."

சின்னவள் திடுக்கிட்டாள். அண்ணன் போட்ட நிபந்தனையை அவள் அம்மாவிடம் சொல்லவே இல்லை. அம்மா அதற்குள் துண்டைத் தேடிக்கொண்டு போய்விட்டாள். சும்மா விளையாட்டுக்குச் சொல்லியிருப்பாள் என்று சின்னவள் மனசைத் தேற்றிக்கொண்டாள்.

*

பெரியவன் வந்தான். தோளில் பை, கையில் பழப்பை, முகத்தில் பஸ் பயணத்தின் களைப்பு.

"எப்படிம்மா இருக்கே?"

"நீ பாத்து சொல்லு, எப்படி இருக்கேன்னு. அதுக்குத்தானே வந்திருக்கே."

அவன் சிரித்தான். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது. அம்மா தட்டு எடுக்கப் போனதும் தங்கையின் பக்கம் குனிந்தான்.

"போன வாரம் போன்ல ரொம்ப நேரம் பேசினாங்க. பசங்க படிப்பு, உன் அண்ணியோட முதுகு வலி, எல்லாம் விசாரிச்சாங்க. வைக்கறதுக்கு முன்னாடி என்ன கேட்டாங்க தெரியுமா? 'சரிங்க, பேசறது யாருன்னு சொல்லவே இல்லையே'ன்னு."

சின்னவள் அம்மா போன பக்கம் பார்த்தாள்.

"நான் பேரைச் சொல்லலை. 'உங்க பையன்'னும் சொல்ல முடியலை. 'தெரிஞ்சவங்கதாம்மா'ன்னு சொல்லிட்டு வச்சிட்டேன்." அவன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான். "நீ கூடவே இருக்கே, உனக்கு வித்தியாசம் தெரியாது. எனக்குத் தெரியுது."

தெரியாதா? சின்னவளுக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரிந்தால் இன்றைக்கே அம்மாவும் அவனும் பஸ் ஏறிவிடுவார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் அம்மா மேஜையில் உட்கார்ந்தாள். பெரியவன் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தான். பரீட்சை ஹாலில் நிற்கிற பழக்கம், கையைக் கூடப் பின்னால் கட்டிக்கொண்டான்.

அம்மா உப்புத்தாளைச் சின்னத் துண்டாகக் கிழித்தாள். கூரையின் கருகிய விளிம்பை மெல்லத் தேய்த்தாள். விரல் நுனி கறுத்தது. கூரையைப் பெட்டியின் மேல் வைத்துப் பார்த்தாள், எடுத்தாள், ஒரு மூலையை இன்னும் கொஞ்சம் தேய்த்தாள். கீழே மிதி மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது.

"இந்தக் கருப்பை எதுக்கும்மா தேய்க்கறே? யாருக்கும் தெரியப்போறதில்லையே."

"கரியில பசை பிடிக்காதுடா. இன்னிக்கு ஒட்டின மாதிரி இருக்கும், நாளைக்குக் கையோட வந்துடும்."

பெரியவன் தங்கையைப் பார்த்துத் தலையை ஆட்டினான். பரவாயில்லையே என்று அர்த்தம். சின்னவள் வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது.

அப்போது அவன் போன் மணியடித்தது. வீட்டிலிருந்து. "இதோ பேசிட்டு வந்துடறேன்" என்று வாசற்பக்கம் போனான். அங்கிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்தபடிதான் பேசினான்.

அம்மா பசைப் பாட்டிலை எடுத்தாள்.

சீட்டுகள் தட்டிலேயே இருந்தன. தூங்குகிறவர், பையைப் பிடித்தவள், சண்டைக்காரத் தம்பதி, எல்லோரும் மேஜையின் ஓரத்தில் காத்திருந்தார்கள். பெட்டியின் உள்ளே வெறும் தரையும் தடுப்பும்தான் இருந்தன.

அம்மா என்று கூப்பிட வாயெடுத்தாள். வாசலில் பெரியவன் இந்தப் பக்கம் பார்த்தான். வாயை மூடிக்கொண்டாள்.

"தண்ணி வேணுமாம்மா?" என்று வேறென்னவோ கேட்டாள்.

"வேண்டாம்."

அம்மா முதுகை வளைத்துக் குனிந்து விளிம்புகளில் பசை வைத்தாள். கூரையைப் பொருத்தினாள். ரப்பர் பேண்டுகளை ஒவ்வொன்றாக மாட்டினாள். கை கொஞ்சமும் நடுங்கவில்லை. சின்னவள் தட்டை மேஜையிலிருந்து எடுத்துத் தன் கைப்பைக்குள் வைத்துப் பையை மூடினாள்.

பெரியவன் உள்ளே வந்தான். "முடிஞ்சிடுச்சா?"

"முடிஞ்சது."

அவன் பெட்டியைத் தூக்கி ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தான். "உள்ளே ஒரே இருட்டா இருக்கே?"

"வண்டி இன்னும் கிளம்பலையேடா, லைட் எதுக்கு?" என்றாள் அம்மா.

பெரியவன் வாய்விட்டுச் சிரித்தான். இந்த முறை சிரிப்பு கண் வரைக்கும் வந்தது. பெட்டியைப் பத்திரமாக வைத்துவிட்டு அம்மாவின் தோளைத் தொட்டான்.

"நல்லாத்தாம்மா செய்யறே. நான்தான் இல்லாததையெல்லாம் நினைச்சு..." மேலே சொல்லவில்லை. வாசற்பக்கம் தங்கையைக் கூட்டிப்போய்ச் சொன்னான்: "பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டு வந்துடறேன். நாளைக்கு ரெண்டு டிக்கெட் போடணுமோன்னு நினைச்சிட்டு வந்தேன். ஒண்ணு போதும்."

"சரிண்ணா."

"உன்கிட்ட கோவமா பேசியிருந்தா மனசுல வச்சுக்காதே."

சின்னவள் ஜெயித்துவிட்டாள். ஜெயித்தவள் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதாள்.

*

அம்மா மதியத் தூக்கத்துக்குப் போனதும் சின்னவள் மேஜைக்கு வந்தாள். மெல்லிய பிளேடு, ஈரத்துணி, நகத்துக்குக் கட்டுத்துணி எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டாள். பல் டாக்டர் வருவதற்குள் கூரையைத் திறந்து, சீட்டுகளை வைத்து, மறுபடி ஒட்டி, ஒன்றும் நடக்காத மாதிரி வைக்க வேண்டும். கூரை உடைந்தால் தொலைந்தாள். இன்று கடையும் பூட்டியிருக்கிறது.

ரப்பர் பேண்டுகளைக் கழற்றினாள். பிளேடை ஒரு மூலையில் வைத்தாள், அழுத்தக்கூட இல்லை.

கூரை அப்படியே கையோடு வந்துவிட்டது.

சின்னவள் அதைத் திருப்பிப் பார்த்தாள். பசை இழுத்த கோடே இல்லை. இந்தக் கோடியில் ஒரு புள்ளி, நடுவில் ஒரு புள்ளி, அந்தக் கோடியில் ஒரு புள்ளி.

அந்தப் புள்ளிகளை அவளுக்குத் தெரியும். பாகங்கள் சரியாக உட்காருகின்றனவா என்று சோதித்துப் பார்க்க மட்டும் அம்மா அப்படி வைப்பாள். தையலில் முதலில் போட்டுப் பார்த்துவிட்டுப் பிரித்துவிடுகிற ஓட்டுத் தையல் மாதிரி. முடிந்த பெட்டிக்கு அம்மா புள்ளி வைத்ததே கிடையாது. முடிந்த பெட்டிக்கு விளிம்பு முழுக்கப் பசை இழுப்பாள், பிய்த்தால் மரம் உடையுமே தவிர ஒட்டு விடாது.

இரண்டாவது பெட்டி சிரமமில்லாமல் திறந்தது ஞாபகம் வந்தது. மழைக்கு நன்றி சொன்னதும் ஞாபகம் வந்தது.

"சீட்டெல்லாம் உன் பையிலதானே இருக்கு?"

சின்னவள் திரும்பவில்லை. திரும்பத் தைரியம் வரவில்லை.

அம்மா வந்து பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தாள். "எதையாவது விட்டிருப்பேன்னு தெரியும். எது விட்டுப்போச்சுன்னு எனக்குத் தெரியலை. தட்டு காணாமப் போனதைப் பாத்தப்புறம்தான் சீட்டுன்னு தெரிஞ்சது."

"அம்மா... உனக்கு எப்போலேர்ந்து..."

"முதல் பெட்டியிலேர்ந்து. கூரையைத் தடவிப் பாத்தேன். நான் மரத்தோட வரி போற பக்கமாத்தான் தேய்ப்பேன். நீ குறுக்கே தேய்ப்பே, சின்ன வயசுல பல்லு தேய்ச்ச மாதிரி, பரபரன்னு. தடவினதுமே இது என் கை இல்லைன்னு தெரிஞ்சிடுச்சு. அன்னிக்கு உன் நகமும் கிழிஞ்சிருந்தது."

சின்னவள் விரலை மடக்கிக்கொண்டாள்.

"அதான் அப்புறம் புள்ளி வச்சேன். என்ன தப்பு பண்ணியிருக்கேன்னு தெரியாது. எதையோ பண்ணியிருப்பேன்னு தெரியும். திறக்கறப்போ உனக்குக் கையைக் கிழிக்க வேண்டாம்னுதான்."

சின்னவள் அம்மாவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள். இந்த வயசுக்கு அது சின்னப்பிள்ளைத்தனம்தான். வேறென்ன செய்வாள்? அம்மா அவள் தலையைத் தடவினாள். விரல் நுனியில் இன்னும் கருகல் வாசனை இருந்தது.

"உன்னை அனுப்பிட முடியாதும்மா. அண்ணன் பாத்துட்டா..."

"அவன் எதுக்கு வந்திருக்கான்னு எனக்குத் தெரியாதா? நான் பெத்தவன்டி. நீ பிட் கொடுத்து என்னைப் பாஸ் பண்ண வைக்கறே. பிட் அடிச்சுப் பாஸாக நான் என்ன பத்தாங்கிளாஸா?"

சின்னவள் அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள். அம்மா சிரிக்கவில்லை.

"ஒண்ணு சொல்றேன், கேளு. ராத்திரி ஒண்ணு செஞ்சு வச்சிட்டுப் படுக்கறேன். காலையில வந்து பாத்தா எல்லாம் சரியா இருக்கு. அப்போ நேத்து நான் தப்பா செஞ்சேனா, சரியா செஞ்சேனா? எனக்கே தெரிய மாட்டேங்குது. நீ பண்ணினதா நான் பண்ணினதான்னு ஒவ்வொண்ணையும் தடவித் தடவிப் பாத்துட்டு உக்காந்திருக்கேன். தப்புன்னு தெரிஞ்சா ஒரு நாள் அழுதுட்டு விட்டுடுவேன். இது அப்படி இல்லைடி. என் கையையே நான் நம்ப முடியாம இருக்கு."

"நான் நல்லதுன்னு நினைச்சுத்தாம்மா..."

"தெரியும். இனிமே செய்யாதே. நான் எதையாவது மறந்தா அங்கேயே, அப்பவே சொல்லு. பக்கத்துல யார் இருந்தாலும் சொல்லு. உன் அண்ணன் இருந்தாலும் சொல்லு. என் முதுகுக்குப் பின்னால மட்டும் சரி பண்ணாதே."

"அண்ணன் கூட்டிட்டுப் போயிடுவான்மா."

"போனா போறேன். அதை அப்புறம் பாத்துக்கலாம். நீ சொல்றியா மாட்டியா?"

சின்னவள் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் கண் தெளிவாக இருந்தது. அந்தத் தெளிவு இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"சொல்றேன்மா."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் பையிலிருந்து தட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். அம்மா தூங்குகிற பயணியின் தலையை விரலால் தொட்டாள். "இவர் நல்லா வந்திருக்கார். கொண்டா, பல் டாக்டர் வர்றதுக்குள்ள உக்கார வச்சிடலாம்."

அதற்குள் வாசல் கதவு திறந்தது.

*

பெரியவன் நல்ல குஷியில் வந்தான். "ஒரே கூட்டம். நல்ல வேளை, ஜன்னலோரமா ஒண்ணு கிடைச்சது" என்று சட்டைப்பையைத் தட்டிக் காட்டினான். கையில் மறுபடியும் ஒரு பழப்பை. அதை நேரே கொண்டுவந்து மேஜையில் வைத்தான். தட்டு பைக்குப் பின்னால் மறைந்துபோனது.

"எதுக்குடா இன்னும் பழம்? மத்தியானம் கொண்டுவந்ததையே யாரும் தொடலை."

"வர்ற வழியில நல்லா இருந்ததும்மா. உன் மருமக சொன்னா, உனக்கு இது பிடிக்கும்னு."

"அவளுக்கு முதுகு வலி எப்படி இருக்கு?"

"மத்தியானம்தானேம்மா சொன்னேன், தேவலைன்னு."

"சொன்னியா? சரி சரி. உக்காரு. ஏன் நின்னுக்கிட்டே பேசறே? பசங்க பள்ளிக்கூடம் எப்படிப் போகுது?"

அவன் சொன்னான். பையன் கணக்கில் தேறிவிட்டானாம், பெண்ணுக்கு வரைவதில்தான் ஆசையாம். அம்மா கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் சின்னவளுக்கும் கொஞ்சம் மனசு லேசானது. இன்று நாள் நல்லபடியாகத்தான் முடியும் போலிருக்கிறது என்றுகூட நினைத்தாள்.

"ஆமா, ஒட்டி முடிச்சாச்சேம்மா? கூரை ஏன் திறந்திருக்கு?" என்று கேட்டான் பெரியவன்.

அம்மா பேச்சை நிறுத்தி மேஜையைப் பார்த்தாள். திறந்த பெட்டி, பக்கத்தில் கூரை, எட்டும் தூரத்தில் பசைப் பாட்டில்.

"ஆமாடா, கூரை ஒட்டணும்" என்றாள். ஸ்டூலை விட்டு எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கால் மிதியைத் தேடிப் பிடித்தது.

சின்னவள் காத்திருந்தாள். அம்மா பழப்பையை நகர்த்துவாள், தட்டை எடுப்பாள் என்று காத்திருந்தாள்.

அம்மா பாட்டிலின் மூடியைத் திறந்தாள். விளிம்பில் பசை வைத்தாள். இந்த முறை புள்ளி இல்லை. ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நேராக, ஒரே இழுப்பில், அழகான கோடு. மறுபக்கமும் இழுத்தாள். பிய்த்தால் மரம் உடையுமே தவிர விடாத ஒட்டு.

அம்மாவின் முகம் அமைதியாக இருந்தது. தன் வேலையைத் தான் சரியாகச் செய்துகொண்டிருக்கிற முகம். சற்று முன்னால் சத்தியம் வாங்கியது அந்த முகத்தில் எங்கேயும் இல்லை.

பெரியவன் ஸ்டூலில் உட்கார்ந்து நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சட்டைப்பையில் டிக்கெட்டின் ஓரம் தெரிந்தது.

சும்மா இருந்துவிடலாம். அவன் நாளைக்குக் காலையில் போய்விடுவான். இன்று சாயங்காலம் பல் டாக்டரிடம் ஏதாவது சாக்குச் சொல்லலாம். பெட்டியை உடைத்துவிட்டுப் புதிதாக ஒன்று வெட்டலாம். சத்தியம் செய்தது அம்மாவுக்கு ஞாபகமே இல்லை. ஞாபகம் இல்லாத சத்தியத்தை யார் வந்து கேட்கப்போகிறார்கள்?

அம்மா கூரையை இரண்டு கையாலும் எடுத்தாள்.

"அம்மா."

குரல் சின்னவளுக்கே அந்நியமாக இருந்தது.

"என்னடி?"

"சீட்டு வைக்கலைம்மா."

அறையில் மிதியின் சத்தம் நின்றது.

சின்னவள் பழப்பையை நகர்த்தினாள். தட்டில் எல்லோரும் இருந்தார்கள். அம்மா கூரையைப் பிடித்தபடி தட்டைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், மறுபடி தட்டைப் பார்த்தாள். முகத்தில் முதலில் குழப்பம் வந்தது. பிறகு, மெல்ல, எல்லாம் புரிந்தது. அதைப் பார்க்கத்தான் சின்னவளால் முடியவில்லை.

"ஆமா" என்றாள் அம்மா சின்னக் குரலில். "சீட்டு."

கூரையைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். சின்னவள் ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்தாள். அம்மா அதன் அடியில் பசை தொட்டு, இடம் பார்த்து வைத்தாள். இன்னொன்று கொடுத்தாள். அதையும் வைத்தாள்.

பெரியவன் எழுந்து நின்றிருந்தான். அவன் பார்வை தட்டிலிருந்து தங்கையின் கைப்பைக்குப் போனது. பிறகு மேஜையில் கிடந்த பிளேடுக்கும் ஈரத்துணிக்கும். வாத்தியார் அல்லவா, கூட்டிக் கழிக்க நேரமாகவில்லை.

"மத்தியானம் மூடினப்போ இது உள்ள இல்லையா?"

சின்னவள் அடுத்த சீட்டை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தாள்.

"நீ பாத்துட்டுத்தான் இருந்தியா?"

"ஆமாண்ணா."

அவன் குரல் உடைந்தது. கோபமா அழுகையா என்று அவனுக்கே தெரிந்திருக்காது. "எத்தனை நாளா இப்படி நடக்குது?"

அம்மா தலை நிமிரவில்லை. தூங்குகிற பயணியை ஜன்னலோரம் உட்காரவைத்து, அவர் தலை கண்ணாடியில் சாயும்படி நகத்தால் மெல்லத் தள்ளினாள்.

"அவளைக் கேளுடா" என்றாள். "எனக்கு ஞாபகம் இருந்தா இந்த வம்பே இல்லையே."

சொல்லிவிட்டு அடுத்த சீட்டுக்குக் கையை நீட்டினாள்.